புளிப்பைக் காக்கும் குளிர்

ஒரு திராட்சையை வாயில் போட்டு மெல்லுங்கள். முதலில் இனிப்பு தெரியும். பின்னாலேயே லேசான புளிப்பு வரும். இனிப்பைத் தருவது சர்க்கரை, புளிப்பைத் தருவது அமிலம். இவ்விரண்டும் சமநிலையில் அமைந்த பழத்துக்குப் பெயர்பெற்ற இடம் ஜெர்மனியின் மோசல் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்கு விளையும் ரீஸ்லிங் திராட்சை வைன் தயாரிக்கப் பயன்படுகிறது. வைன் பெரியவர்களின் பானம். நாம் பார்க்கப்போவது பழத்துக்குள் நடக்கும் அறிவியலை.

மோசல், நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 50 பாகை வடக்கே உள்ளது. அவ்வளவு குளிரான இடத்தில் திராட்சை எப்படிப் பழுக்கிறது?

சரிவு தரும் ஒளி

கைவிளக்கை மேசைமீது நேராகப் பிடியுங்கள். சிறிய, பிரகாசமான வட்டம் விழும். விளக்கைச் சாய்த்தால் வட்டம் நீண்டு, மங்கிவிடும். சூரிய ஒளியும் இப்படித்தான்.

திராட்சை பழுக்கும் செப்டம்பர் இறுதியில், மோசலில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 40 பாகை உயரமே எழும். சமதரையில் ஒளி சாய்ந்து விழுந்து பரவிவிடும். ஆனால், தெற்கு நோக்கி 50 பாகை சாய்ந்த மலைச்சரிவில் அதே ஒளி செங்குத்தாக விழும். கணிப்பானில் சைன் 40 பாகையைத் தட்டிப் பாருங்கள்: 0.64. அதாவது, சரிவு நேரடியாகப் பெறும் ஒளி 100 பங்கு என்றால், சமதரைக்கு 64 பங்குதான்.

பிரெம் எனும் சிற்றூரில் உள்ள கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 60 பாகைக்கும் மேல் செங்குத்தானது. அங்கே பெரும்பாலான வேலையைக் கையால்தான் செய்ய வேண்டும்.

கல்லும் ஆறும்

அந்தச் சரிவுகளில் கறுத்த சிலேட்டுக் கற்கள் நிறைந்திருக்கின்றன. தாத்தா பாட்டி எழுதிப் பழகிய சிலேட்டுப் பலகையும் இந்தக் கல்தான். அடர்ந்த நிறம் பகல் வெயிலை நன்றாக உறிஞ்சும். இரவில் கல் அந்த வெப்பத்தை வெளிவிடும். கீழே ஓடும் ஆற்று நீருக்குத் தன்வெப்பக் கொள்ளளவு அதிகம் என்பதால் அது மெதுவாகவே குளிரும். கொடியைக் கருக்கும் உறைபனியின் அபாயத்தை இரண்டும் சேர்ந்து குறைக்கின்றன.

இரவில் நடப்பது என்ன?

பகலில் இலைகள் ஒளிச்சேர்க்கை மூலம் தயாரிக்கும் சர்க்கரை பழத்தில் சேர்கிறது. பழமும் சுவாசிக்கிறது. பழுக்கும் காலத்தில் அந்தச் சுவாசத்துக்கு மாலிக் அமிலம் எரிபொருளாகிறது. வெப்பம் கூடினால் சுவாசம் விரைவாகும். அமிலம் சீக்கிரம் தீர்ந்துவிடும். இரவு குளிர்ந்தால் அமிலம் மிஞ்சும். பழத்தை நாம் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் அதன் சுவாசத்தைக் குறைக்கத்தான்.

ஆகவே, மோசலின் வெற்றிக்குக் குளிர் மட்டும் காரணமன்று. சர்க்கரை சேர்வதற்குப் போதுமான பகல் வெப்பம், அமிலம் கரையாதிருக்கப் போதுமான இரவுக் குளிர் ஆகிய இரண்டும் வேண்டும்.

நகரும் எல்லை

பூமி வெப்பமாகி வருவதால் இந்தச் சமநிலை ஆட்டம் காண்கிறது. பழம் சரியாகப் பழுக்காமல் போகுமோ என்ற பழைய கவலை குறைந்திருக்கிறது. ஆனால் சர்க்கரை வேகமாக ஏறி, அமிலம் வேகமாக இறங்குகிறது. கொடிகளும் முன்கூட்டியே துளிர்க்கின்றன. ஏப்ரலில் திடீரென உறைபனி வந்தால் அந்த இளந்துளிர்கள் கருகிவிடும்.

நெகிழி உறையில் வரும் ‘ஐஸ்கிரீம் மலேசியா’வை உறிஞ்சிச் சாப்பிட்டிருப்பீர்கள். இனிப்பெல்லாம் முதலில் வந்துவிடும். கடைசியில் சுவையற்ற வெள்ளை ஐஸ் எஞ்சும். ஜெர்மனியின் ‘ஐஸ் வைன்’ தயாரிப்பிலும் இதே தத்துவம்தான். குளிர்காலம்வரை கொடியிலேயே விட்ட பழங்கள் பூஜ்யத்துக்குக் கீழே 7 டிகிரி செல்சியஸ் குளிரில் உறைந்ததும் பறித்துப் பிழிவார்கள். உறைந்த நீர் ஐஸாகத் தங்கிவிட, சர்க்கரை செறிந்த சாறு மட்டும் வடியும்.

2019-ஆம் ஆண்டுத் திராட்சைக்கு அந்தக் குளிர் வரவே இல்லை. நாடு முழுவதும் ஐஸ் வைன் அறுவடை பொய்த்துவிட்டதாக, 2020 மார்ச்சில் ஜெர்மன் வைன் கழகம் அறிவித்தது. அப்படி நடந்தது அதுவே முதன்முறை.

சராசரி வெப்பநிலை ஒன்றிரண்டு டிகிரி உயர்ந்தால் என்ன ஆகிவிடும் என்று வகுப்பில் சிலர் கேட்பதுண்டு. உறைய மறுத்த அந்தத் திராட்சைகளை அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.