உள்ளக மென்பொருள்களின் பெயர்கள்: இடுகுறியும் காரணமும்

தொழிலகம் ஒன்றினுள்ளே, அங்கு பணிபுரிவோரின் தேவைக்கென ஆக்கப்படும் மென்பொருள்களுக்குப் பெயரிடுதல் அற்ப விடயமாகத் தோன்றலாம். சந்தைக்குச் செல்லும் பண்டத்தின் பெயர் வாங்குவோரை ஈர்க்க வேண்டியது. உள்ளக மென்பொருளுக்கு வாங்குவோர் இல்லை. அதனை நாளாந்தம் கையாளும் ஊழியர் மட்டுமே உளர். எனவே, இங்கு பெயர் பண்டத்தின் கவர்ச்சியாகவன்றி உழைப்பின் கருவியாகவே தொழிற்படுகின்றது. அக்கருவி நன்கமைவதற்கான நியதிகள் யாவை என எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பாகுபடுத்தியமையைத் தமிழ் மாணவர் அறிவர். மென்பொருளாக்குநரிடையே நிலவும் விவாதமும் இப்பாகுபாட்டினுள் அடங்குவதே. 'சம்பளக் கணிப்பு', 'விடுமுறைப் பதிவு' என்றாற்போலச் செயலைச் சுட்டும் காரணப்பெயரே தகும் என்பர் ஒரு சாரார். செயல் காலப்போக்கில் மாறும், பெயரோ எளிதில் மாறாது. ஆதலால், கோள், பறவை, புராணப் பாத்திரம் ஆகியவற்றின் பெயரை இடுகுறியாக இடுதலே நன்று என்பர் மறுசாரார். இரு சாராரும் பெயரைத் தனித்த சொல்லாகவே நோக்குகின்றனர். அச்சொல் வழங்கும் உழைப்புச் சூழல் அவர்தம் கவனத்தைப் பெறுவதில்லை.

வரலாற்று உதாரணம் ஒன்று இதனைத் தெளிவாக்கும். ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம் மல்ரிக்ஸ் என்னும் கூட்டுத் திட்டத்திலிருந்து 1969இல் விலகியது. பின்னர் அங்கு கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோர் ஆக்கிய சிறிய இயக்க முறைமைக்கு யுனிக்ஸ் எனப் பெயர் வாய்த்தது. பன்மை சுட்டும் 'மல்ரி'க்கு எதிராக ஒருமை சுட்டும் 'யுனி' வைக்கப்பட்டது. முந்திய திட்டத்தை அறிந்தவர்க்கு அது எள்ளல்; அறியாதவர்க்கு வெறும் இடுகுறி. 1971இல் அவ்வாய்வுகூடத்தின் காப்புரிமைப் பிரிவினர் தம் ஆவணங்களைத் தயாரிக்க அதனைப் பயன்படுத்தினர்.

அதன் கட்டளைகள் பல 'எல்எஸ்', 'சிபி', 'எம்வி' என ஈரெழுத்தாய்க் குறுகின. ஆக்கியோரின் சுவையுணர்வு மாத்திரம் இதற்குக் காரணமன்று. அன்று அவர்கள் கையாண்ட ரெலிரைப் 33 என்னும் பொறி செக்கனுக்கு 10 எழுத்துக்களையே அச்சிட வல்லது. உற்பத்திக் கருவியின் வரையறை சொல்லின் வடிவத்தைப் பாதித்தது. அப்பொறி வழக்கொழிந்த பின்னரும் அச்சொற்கள் நிலைத்துள்ளன.

'கிறெப்' என்னும் கருவியின் கதை மேலும் கவனத்துக்குரியது. 1787-88 காலத்துப் 'பெடரலிஸ்ட்' கட்டுரைகளை எழுதியவர் எவரெவர் எனத் துணிய முயன்ற லீ மக்மஹோன் என்பவருக்காகத் தொம்சன் இதனை ஆக்கினார். 'ஈடி' என்னும் பதிப்பியில் சொற்களைத் தேடி அச்சிடும் கட்டளையின் எழுத்துக்களே அதற்குப் பெயராயின. 1973இல் வெளிவந்த யுனிக்ஸின் நான்காம் பதிப்பில் அது இடம்பெற்றது. 'ஈடி'யிற் பழகிய சகாக்களுக்கு அது காரணப்பெயர், பின்வந்தோருக்கு இடுகுறி. ஆகவே, காரணமும் இடுகுறியும் சொல்லின் மாறா இயல்புகள் அல்ல. கூடி உழைப்போரின் பொது அனுபவத்தைச் சார்ந்தவை என்பது பெறப்படும்.

இவ்வுண்மையிலிருந்தே பிரச்சினையும் எழுகின்றது. பெயரிடுவோர் சிலர், அதனை வழங்குவோர் பலர். கூகிள் நிறுவனத்தின் உள்ளக முறைமையொன்று 'போர்க்' எனத் தொலைக்காட்சிக் கதையொன்றின் இனப்பெயரைப் பெற்றது. அக்கதையை அறியாதவர்க்கு அப்பெயர் எதனையும் உணர்த்தாது. ஆங்கிலத் தொடர்களின் முதலெழுத்துக்களாலாகிய பெயரும், அம்மொழியிற் பழக்கமில்லாத எழுதுவினைஞருக்கு அத்தகையதே. விளங்காத பெயரைக் கேட்டறியத் தயங்கும் புதிய ஊழியர் தம் அறியாமையை மறைத்துக்கொண்டே உழைக்க நேர்கின்றது. 'எசமான்', 'அடிமை' என்னும் பொருள்படும் சொற்கள் கணினித் துறையில் நெடுங்காலம் கலைச்சொற்களாக வழங்கின. பைதன் மொழியினர் 2018இல் அவற்றைக் களைய முற்பட்டமை, சமூக உறவுகளின் சுவடு தொழில்நுட்பச் சொல்லிலும் படிவதை உணர்த்தும்.

எனவே, சில நியதிகளை வகுக்கலாம். பெயர் வாயாற் சொல்லவும் தொலைபேசியிற் கேட்டறியவும் இலகுவாதல் வேண்டும். மாறக்கூடிய தொழில்நுட்பத்தையோ பிரிவையோ அதிகாரியையோ சுட்டாது, நிலைத்த வேலையைச் சுட்டுதல் வேண்டும். ஏற்கெனவே உள்ள பெயரொன்றோடு மயங்கலாகாது. சிலருக்கு மட்டும் விளங்கும் நகைச்சுவையை நம்பியிருத்தலாகாது. இடுகுறி தவிர்க்கவியலாதவிடத்து, செயலைச் சுட்டும் சொல்லொன்றை அதனருகே சேர்ப்பதோடு, பெயர் பிறந்த வரலாற்றையும் எழுதிவைத்தல் தகும். யாவற்றினும் மேலாக, கருவியைக் கையாளவிருக்கும் ஊழியர் தம் வேலையை ஏற்கெனவே எச்சொல்லாற் குறிக்கின்றனர் என முதலிற் கேட்டறிதல் வேண்டும். பெரும்பாலும் நல்ல பெயர் அவர்தம் பேச்சிலேயே இருக்கும்.