ஜனவரி 26: தேதியும் குடியுரிமையும்

ஒரு தேசத்துக்குப் பிறந்த நாள் குறிப்பது ஜாதகம் எழுதுகிற காரியம் மாதிரிதான். எழுதுகிறவரைப் பொறுத்துப் பலன் மாறும். ஆஸ்திரேலியாவின் ஜாதகத்தில் உள்ள தேதி 1788 ஜனவரி 26. பதினொரு கப்பல்களில் கைதிகளோடு வந்த ஆர்தர் பிலிப், சிட்னிக் குடாவில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றிய நாள். அன்று தேசம் எதுவும் பிறந்துவிடவில்லை, ஒரு சிறைக் குடியேற்றம் தொடங்கியது. ஆறு காலனிகள் ஒன்றாகிக் கூட்டரசு ஆனது 1901 ஜனவரி 1இல். 1915இல் 'ஆஸ்திரேலியா தினம்' என்ற பெயரில் கொண்டாடப்பட்டதோ ஜூலை 30, அதுவும் யுத்த நிதி திரட்ட. எல்லா மாநிலங்களும் ஒருசேர ஜனவரி 26லேயே விடுமுறை விடத் தொடங்கியது 1994இல்தான். 'காலங்காலமா இருக்கிறதை இப்ப வந்து மாத்தச் சொல்றாங்களே' என்று அங்கலாய்ப்பவர்களின் மரபுக்கு வயது இவ்வளவுதான்.

எதிர்ப்பின் மரபு இதைவிட மூத்தது. 1938இல் 150ஆம் ஆண்டு விழா. அரசு சிட்னியில் அரங்கேற்றிய கப்பலிறங்கு நாடகத்தில் வெள்ளையரைக் கண்டு ஓடுகிற வேஷம் கட்ட, தொலைதூர மேற்குப் பகுதியிலிருந்து பூர்வகுடிகள் கொண்டுவரப்பட்டார்கள். அதே நாளில் ஜாக் பேட்டன், வில்லியம் ஃபெர்குசன், வில்லியம் கூப்பர் போன்றோர் முன்னின்று ஆஸ்திரேலியன் ஹாலில் 'துக்க நாள்' மாநாட்டை நடத்தினார்கள். (1947 ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்ற பெரியாரும் அதை மறுத்த அண்ணாவும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் இரண்டின் தர்க்கமும் வேறு.) சிட்னி மாநாட்டார் துக்கம் காத்ததோடு நிற்கவில்லை. முழுக் குடியுரிமையும் சமத்துவமும் கேட்டுத் தீர்மானம் போட்டார்கள்.

1972 ஜனவரி 26 அன்று கான்பெராவில் நாடாளுமன்றத்துக்கு எதிரே புல்வெளியில் நான்கு இளைஞர்கள் ஒரு கடற்கரைக் குடையை நட்டு அதற்குத் 'தூதரகம்' என்று பெயரிட்டார்கள். பிரதமர் மக்மேன் முந்தின நாள்தான் நில உரிமையை மறுத்து அறிக்கை விட்டிருந்தார். சொந்த மண்ணிலேயே அந்நியனாக்கப்பட்டவன் தூதரகம் வைக்காமல் வேறென்ன வைப்பான்? 1988இல், இருநூறாவது ஆண்டில், பல்லாயிரம் பேர் சிட்னியில் ஊர்வலம் போனார்கள். 'படையெடுப்பு நாள்' என்ற சொல் பரவலாகப் புழங்கத் தொடங்கியது அதற்குப் பிறகு.

சமீப கால இயக்கம் பிடித்த வழி உள்ளூர் மன்றங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரிமேன்டில் 2016இல் அந்நாளின் வாணவேடிக்கையைக் கைவிட்டு, 2017இல் விழாவை ஜனவரி 28க்குத் தள்ளியது. 2017 ஆகஸ்டில் மெல்போர்னின் யாரா மன்றமும் அடுத்து டேரபினும் அந்நாளில் குடியுரிமை வழங்கு விழா நடத்துவதில்லை என முடிவெடுத்தன. மத்திய அரசின் பதில் நிதி வெட்டோ வழக்கோ அல்ல, குடியுரிமை விழா நடத்தும் அதிகாரத்தையே இரு மன்றங்களிடமிருந்தும் பறித்துக்கொண்டது. பிறகு மன்றங்கள் ஜனவரி 26இல்தான் விழா நடத்தியாக வேண்டும் என்று விதி வந்தது. 2022 டிசம்பரில் அது தளர்த்தப்பட்டு, முன்பின் மூன்று நாட்களுக்குள் நடத்தலாம் என்றானது.

ஏன் குறிப்பாகக் குடியுரிமை? 1938இல் மண்ணின் மக்கள் கேட்டு நின்ற அதே பொருள், அதே தேதியில் புதிதாய் வந்தவர்களுக்கு மேடை போட்டு வழங்கப்படுகிறது. வியட்நாமியர், லெபனானியர், நிலம் பறிபோய் அகதியாகப் போன ஈழத்தமிழர் எனப் பல நிறத்து முகங்கள் உறுதிமொழி சொல்லும் அந்தப் புகைப்படம் அரசுக்கு வேண்டும். 'பாருங்க, எல்லாரும் வந்தவங்கதானே' என்ற கதையாடலுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வந்தவர் கையால் பறிப்பின் தடயம் துடைக்கப்படுகிறது. புலம்பெயர்ந்த தமிழர் அங்கே வேடிக்கை பார்ப்பவராக இருக்க முடியாது.

பூர்வகுடிகளுக்குள்ளேயே வேறொரு குரலும் வலுத்திருக்கிறது: 'தேதியை மாத்திட்டா நிலம் வந்துடுமா? நாளையே ஒழிங்க.' மாற்றுத் தேதிகளைப் பார்த்தால் இவர்கள் சொல்வது விளங்கும். ஜனவரி 1 கூட்டரசின் நாள். ஆனால் அந்த 1901லேயே வெள்ளை ஆஸ்திரேலியா சட்டம் நிறைவேறியது. 'மே 8' ஆங்கிலத்தில் 'மேட்' என ஒலிப்பதால் அதையே வைக்கலாம் என்றொரு விளையாட்டு யோசனையும் உண்டு. யாருக்கும் வலிக்காத தேதி, எதையும் நினைவூட்டாத தேதி. பூர்வகுடிகளுக்கு நாடாளுமன்றத்தில் ஒரு ஆலோசனைக் குரல் தரும் யோசனையைக்கூட 2023 அக்டோபர் 14 வாக்கெடுப்பில் சுமார் 60 சதவீதத்தினர் நிராகரித்தார்கள். தேசிய அளவில் அவர்களோடு ஒரு உடன்படிக்கை இன்றுவரை கையெழுத்தாகவில்லை.