கம்பிச்சுருளுக்கு மட்டும் கடுங்குளிர்

விருதுநகர் மாவட்டம் கிருஷ்ணன்கோயிலில் உள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் 400 மெகாஹெர்ட்ஸ் என்.எம்.ஆர். கருவி இருக்கிறது. மூலக்கூறில் எந்த அணுவுக்குப் பக்கத்தில் எந்த அணு என்பதைக் காந்தப்புலத்தின் துணையோடு காட்டும் கருவி இது. ஆனால் அதற்குக் கிடைக்கும் சமிக்ஞை மிக மெலிது. அறை வெப்பநிலையில் பத்து லட்சம் ஹைட்ரஜன் அணுக்கருக்களை எடுத்துக்கொண்டால், புலத்தின் திசையில் நிற்பவை எதிர்த்திசையில் நிற்பவற்றைவிடச் சுமார் 32 மட்டுமே அதிகம். சமிக்ஞை முழுவதும் அந்த 32இலிருந்துதான் வருகிறது. கார்பனில் நிலைமை இன்னும் மோசம். சமிக்ஞை தரும் கார்பன்-13 இயற்கையில் 1.1 சதவீதமே.

அந்த மெல்லிய சமிக்ஞையை மூழ்கடிப்பது, அதை வாங்கும் கம்பிச்சுருளின் சொந்த இரைச்சல். வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் அலைவதே காரணம் என்று 1928இல் ஜான்சனும் நைக்விஸ்டும் விளக்கினார்கள். அப்படியானால் சுருளைக் குளிர வைக்கலாமே? 1984இல் பீட்டர் ஸ்டைல்ஸ் குழுவினர் திரவ ஹீலியத்தால் அதைச் செய்து காட்டினார்கள். சுருளைக் குளிர்வித்து இயங்கும் இன்றைய உணர்கருவியான கிரையோபுரோபில் குளிர்ந்த ஹீலியம் வாயு சுருளை மைனஸ் 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொண்டுபோகிறது, சமிக்ஞையை முதலில் பெருக்கும் முன்பெருக்கியும் குளிர்விக்கப்படுகிறது. சில மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் மாதிரிக் குழாயோ அறை வெப்பநிலையிலேயே இருக்க வேண்டும். இடையில் வெற்றிடம்தான் காவல். இந்தப் பொறியியலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தேவையான பதிவு நேரம் உணர்திறனின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறைவதால், இப்படிக் குளிர்வித்து உணர்திறன் நான்கு மடங்கு உயர்ந்தால் நேரம் பதினாறில் ஒரு பங்காகும். 16 மணி நேரப் பதிவு ஒரு மணி நேரத்தில் முடியும். மூலிகையிலிருந்து ஓரிரு மில்லிகிராம் சேர்மத்தைப் பிரித்தெடுத்து வரும் ஆய்வு மாணவருக்கு இது பெரும் கொடை. திரவ நைட்ரஜனில் குளிரும் புரோபுகள் உணர்திறனை இரண்டு, மூன்று மடங்கு வரை உயர்த்துகின்றன, செலவும் குறைவு. மாவட்ட அளவிலான ஆய்வகங்களுக்கு அவையே ஏற்றவை என்பேன்.

இந்தப் புரோபுகளைப் பயன்படுத்துவோருக்கு, பட்டாசுத் தொழில் நடக்கும் சிவகாசி வட்டாரத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பட்டாசில் பயன்படும் பல உப்புகள் தண்ணீரில் கரைபவை. அந்த உப்புகளில் உள்ள பெர்குளோரேட் அங்குள்ள நிலத்தடி நீரில் கலந்திருப்பதை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. அதை அளக்க அயனி குரோமட்டோகிராஃபி போன்ற முறைகள் உள்ளன. லிட்டருக்கு மைக்ரோகிராம் அளவு என்.எம்.ஆருக்கு எட்டாது. ஆனால் உப்பு மிகுந்த கழிவுநீரில் கரைந்த கரிமச் சேர்மங்களை ஆராய வந்தால், மின்சாரம் கடத்தும் அந்தக் கரைசலே இரைச்சல் எழுப்பும். சுருளை எவ்வளவு குளிர வைத்தாலும் அது அடங்காது. வழக்கமான 5 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 3 மில்லிமீட்டர் குழாயில் மாதிரியை எடுத்தால் இழந்த உணர்திறனில் ஒரு பகுதியை மீட்கலாம். முடிந்தால் உப்பை முன்கூட்டியே நீக்கிவிடுவது இன்னும் நல்லது.