கருவுக்கு முந்திய மூன்று மாதங்கள்

கரு உண்டாகி 28 நாள்களுக்குள், பின்னாளில் மூளையாகவும் முண்ணாணாகவும் வளரப்போகிற நரம்புக் குழாய் மூடிவிடுகிறது. மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு கிழமைதான் ஆகியிருக்கும். தான் பிள்ளைத்தாச்சி என்பது பல பெண்களுக்கு அப்போது உறுதியாகத் தெரிந்திருக்காது. தெரிந்த பிறகு நெடுந்தீவிலிருந்து படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணத்து வைத்தியரிடம் போய்ச் சேருவதற்குள் அந்தக் குழாய் மூடி முடிந்திருக்கும். அதனால்தான் பிள்ளைக்கான ஆயத்தம் கர்ப்பத்துக்கு முன்னரே தொடங்க வேண்டும் என்கிறோம். பெரிய வைத்தியசாலைக்குப் போகக் கடல் கடக்க வேண்டிய தீவுகளில் இது இன்னும் முக்கியம்.

நரம்புக் குழாய் சரியாக மூடுவதற்குப் போலிக் அமிலம் தேவை. முன்பு ஒரு பிள்ளைக்கு இந்தக் குழாய் சரியாக மூடாத குறைபாடு இருந்த தாய்மார், கருவுறும் முன்பே போலிக் அமிலம் எடுத்தால் அது மறுபடி வரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைகிறது என்று பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 1991இல் காட்டியது. பொதுவாக நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதும். முன்பு அந்தக் குறைபாட்டோடு பிள்ளை பெற்றவர்களும், நீரிழிவு உள்ளவர்களும், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களும் தங்களுக்குரிய அளவை வைத்தியரிடம் கேட்க வேண்டும். முருங்கையிலையிலும் பயறிலும் போலிக் அமிலத்தின் இயற்கை வடிவமான போலேற்று உண்டு. ஆனால் சமைக்கும்போது அதில் ஒரு பங்கு அழிந்துவிடும். சாப்பாட்டோடு குளிசையும் வேண்டும்.

அந்தக் குளிசைக்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை. புதுமணத் தம்பதியரைப் பதிவுசெய்து வழிகாட்டுவது அந்தந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரின் பணிகளில் ஒன்று. உயரம், நிறை, குருதி அமுக்கம், குருதிச்சோகை, நீரிழிவு, ருபெல்லா தடுப்பூசி ஆகியவற்றை இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடலாம். ருபெல்லா ஊசி கர்ப்பத்தில் போடக் கூடாதது. போட்டபின் குறைந்தது ஒரு மாதமாவது கருவுறுதலைத் தள்ளிவைக்க வேண்டும்.

இவ்வளவும் மனைவியின் பாடு என்று கணவன் ஒதுங்கிவிட முடியாது. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள்கள் எடுக்கும்; முதிர்ந்து நீந்தும் வலுப்பெற இன்னும் சில நாள்கள். இன்றைய விந்தணுக்களில் இருப்பது மூன்று மாதத்துக்கு முந்திய வாழ்க்கை. சிகரெட், புகையிலை போட்ட வெற்றிலை, அளவுமீறிய மதுபானம் எல்லாம் அவற்றின் எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் கெடுக்கும். விதைகள் உடல் வெப்பத்தைவிட இரண்டு மூன்று பாகை குறைவாக இருந்தால்தான் சரியாக வேலை செய்யும். கடுங்காய்ச்சல்கூடச் சில மாதங்களுக்கு எண்ணிக்கையைக் குறைக்கலாம். இந்தக் கணக்கு நம்பிக்கையும் தருகிறது: இன்று புகையிலையை விட்டவரின் உடலில் மூன்று மாதத்தில் புதிய விந்தணுக்கள் வந்துவிடும்.

கடற்றொழிலுக்குப் போகிறவர்களுக்குச் சரியான நாளில் வீட்டில் இருக்க முடியுமோ என்ற கவலை இருக்கும். வெளிப்பட்ட முட்டை அரை நாள் முதல் ஒரு நாள் வரைதான் உயிரோடிருக்கும். விந்தணு பெண்ணுடலில் ஐந்து நாள்வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே முட்டை வெளிப்படும் நாளோடு, அதற்கு முந்திய ஐந்து நாள்களும் கரு உண்டாகக்கூடிய நாள்களே. முட்டை பெரும்பாலும் அடுத்த மாதவிடாய்க்கு இரண்டு கிழமை முன்னர் வெளிப்படும். அந்நாள்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்தால் போதும். ஒரேயொரு நாளைக் குறிவைத்து மனம் பதற வேண்டியதில்லை.

ஓர் ஆண்டு தடுப்பு எதுவுமின்றிச் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் பரிசோதிக்க வேண்டும். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே. மாதவிடாய் ஒழுங்கில்லாவிட்டால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். ஆனால் கணவன் வெளிநாட்டில் உழைத்து, விடுமுறைக்கு மட்டும் வந்துபோகும் குடும்பங்களில் எண்ண வேண்டியது சேர்ந்திருந்த மாதங்களைத்தான், கலியாணமான வருசங்களையல்ல. ‘விசேஷம் ஒண்டும் இல்லையோ?’ என்று கேட்கிற உறவுகள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

பிள்ளை தங்காத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. அப்படியிருந்தும் முதலில் பரிசோதனைக்கு அனுப்பப்படுகிறவள் பெண். பழியைச் சுமக்கிறவளும் அவள்தான். விந்துப் பரிசோதனை எளியது, வலியில்லாதது, முதலில் செய்ய வேண்டியது. மாதிரியை ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் பார்க்க வேண்டும். ஆதலால் தீவில் எடுத்துப் படகில் கொண்டுபோவது சரிவராது. கணவனே ஆய்வுகூடம் உள்ள இடத்துக்குப் போய்க் கொடுக்க வேண்டும். நயினாதீவு நாகபூசணி அம்மனிடம் பிள்ளை வரம் கேட்கச் சேர்ந்து போகிறவர்கள் கிளினிக்குக்கும் சேர்ந்தே போகட்டும்.

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது குழந்தைப்பேறின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார அமைப்பு 2023இல் கூறியது. எல்லா ஆயத்தமும் செய்தும் சிலருக்கு மருத்துவ உதவி தேவைப்படும். அது சாபமுமல்ல, யாருடைய குற்றமுமல்ல. மருத்துவம் பார்க்கக்கூடிய உடல்நிலை. பிள்ளை வேண்டும் என்று இருவரும் முடிவெடுத்த நாளிலேயே மனைவி குளிசையைத் தொடங்கட்டும், கணவன் புகையிலையை விடட்டும்.