தூரத்து இடரும் உற்றார் சேமமும்

இயற்கையின் சீற்றம் ஓரிடத்திலே நிகழ்கின்றது. அதனால் எழும் கவலையோ அவ்விடத்தோடு நின்றுவிடுவதில்லை. இடர் நேர்ந்த ஊரில் மகளோ, தம்பியோ, முதிய தாயோ வாழ்வாராயின், நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் உள்ள வீட்டிலும் அன்று அமைதி இராது. அடுப்பில் உலை கொதிக்கின்றது; பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புகின்றனர்; கைகள் வழக்கமான வேலையைச் செய்கின்றன. செவி மட்டும் வானொலியையும் தொலைபேசியையும் விட்டு அகல்வதில்லை. இந்நிலையை நன்கு எடுத்துக்காட்டுவது, 2011ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் திகதி யப்பானில் நிகழ்ந்த பூமியதிர்ச்சியாகும்.

அன்று வெள்ளிக்கிழமை. பிற்பகல் 2 மணி 46 நிமிடத்துக்கு, நாட்டின் வடகிழக்குக் கரைக்கு அப்பால், கடலடியில் 9.0 அளவான அதிர்ச்சி ஏற்பட்டது. அதனைத் தொடர்ந்து எழுந்த ஆழிப்பேரலை கரையோர ஊர்கள் பலவற்றை அழித்தது. இறந்தோரும் காணாமற்போனோருமாக 18,000 பேருக்கு மேற்பட்டோரை அந்நாடு இழந்தது. தெற்கே தொலைவிலுள்ள தோக்கியோ நகரிலும் புகைவண்டிகள் நின்றுவிட, இலட்சக்கணக்கானோர் இரவு வீடு திரும்ப இயலாது தவித்தனர்.

அவ்வேளையில் எல்லோரும் நாடியது தொலைபேசியையே. ஆனால் அது பேச மறுத்தது. காரணம் யாது? தொலைபேசி நிலையம் எதுவும், தன்னோடு இணைந்த அனைவரும் ஒரே நேரத்தில் பேசுவதற்கென அமைக்கப்படுவதில்லை. ஒரு பகுதியினர் பேசுவர் என்ற கணக்கிலேயே அமைக்கப்படுகின்றது. எல்லோரும் ஒருங்கே அழைத்தால் வழிகள் நெரிசலுறும். தீயணைப்புப் படைக்கும் மருத்துவருக்கும் வழிவிட வேண்டுமென்பதற்காக, நிறுவனங்களே பொதுமக்களின் அழைப்புகளிற் பெரும் பகுதியைத் தடுத்துவைத்தன. மின்சாரம் அற்றமையாற் கரையோரக் கைப்பேசிக் கோபுரங்களும் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. ஆகவே, மணி ஒலித்தும் எவரும் எடுக்கவில்லை என்பதாலோ, மணியே ஒலிக்கவில்லை என்பதாலோ, அங்குள்ளவர் மாண்டார் என்று முடிவு செய்தல் தகாது. இவ்வுண்மையை அறிந்திருப்பதே கலங்கிய மனத்துக்கு ஓரளவு ஆறுதலாகும்.

1995ஆம் ஆண்டு கோபே நகரப் பூமியதிர்ச்சியிலும் இவ்வாறே நேர்ந்தது. அந்த அனுபவத்தின் பயனாக, 1998ஆம் ஆண்டில் '171' என்னும் இலக்கச் சேவை தொடங்கப்பெற்றது. இடருற்றவர் 171ஐ அழைத்துத் தம் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைக் கூறித் தம் குரலைச் சிறிது நேரம் பதிவு செய்யலாம். வெளியூர் உறவினர் அதே இலக்கத்தைக் கொண்டு அக்குரலைக் கேட்கலாம். தாமும் பதில் வைக்கலாம். செய்திகள் இடர்ப் பிரதேசத்துக்கு வெளியேயும் சேமிக்கப்படுதலால், நெரிசலான வழியினூடே அங்கு நுழைய வேண்டியதில்லை.

கருவிகள் ஓய்ந்த இடத்தில் மனிதர் பழைய வழிகளை நாடினர். புகலிடச் சுவர்களிற் பெயர்ப் பட்டியல்களும் கையெழுத்துக் குறிப்புகளும் ஒட்டப்பட்டன. இஷினோமாக்கி நகரின் நாளிதழ், அச்சுப் பொறி இயங்காமையால், ஆறு நாட்கள் பெருந்தாளிற் கையால் எழுதப்பட்டுச் சுவர்களில் ஒட்டப்பெற்றது. யப்பானிய ஒலிபரப்புக் கழகம், உற்றாரைத் தேடுவோரின் செய்திகளை வாசித்து ஒலிபரப்பியது.

இனி, அன்பே ஆபத்தாகும் ஓரிடத்தையும் கருதுவோம். ஆழிப்பேரலை வருமுன் பிள்ளையைத் தேடிப் பள்ளிக்கும், தாயைத் தேடி வீட்டுக்கும் விரைந்தோர் பலர் மாண்டதுண்டு. 1896இலும் 1933இலும் பேரலைகளைக் கண்ட அக்கரையோர மக்களிடையே 'தெந்தென்கோ' என்றொரு சொல் வழங்குகின்றது. அவரவர் அவரவராய் மேட்டுக்கு ஓடுக என்பது அதன் கருத்து. கேட்பதற்குக் கொடிதாய்த் தோன்றினும், அதன் உட்பொருள் நம்பிக்கையே: என் பிள்ளை ஓடியிருப்பான் என்று தாய் நம்பினால், அவள் கடலை நோக்கித் திரும்பமாட்டாள். கமாயிஷி நகரப் பள்ளிகளில் இப்பாடம் முன்கூட்டியே பயிற்றப்பட்டிருந்தது. அங்குள்ள ஏறக்குறைய 3,000 மாணவரில் மிகப் பெரும்பாலோர் உயிர்தப்பினர். மூத்த மாணவர் சிலர் சிறுவரையும் கைப்பிடித்து மேட்டுக்கு அழைத்துச் சென்றனர்.

2004ஆம் ஆண்டு மார்கழியில் இத்தகைய அலையை நம் கரைகளும் கண்டன. ஆதலின், ஒவ்வொரு குடும்பமும் அமைதியான நாளொன்றிற் கூடியிருந்து மூன்று விடயங்களைத் தீர்மானித்தல் நன்று: இடர் வரின் அவரவர் எங்கே ஓடுவது, பின்னர் எங்கே சந்திப்பது, தொலைவிலுள்ள எந்த உறவினருக்கு எல்லோரும் செய்தி அனுப்புவது என்பனவாம். செய்தி சுருக்கமாகவும் எழுத்து வடிவிலும் இருத்தல் வேண்டும். குரல் செல்லாத நெரிசலிலும் எழுத்துச் செய்தி பலவேளைகளிற் சென்று சேரும். 'சுகமாயுள்ளேன், இன்ன இடத்தில் இருக்கின்றேன்' என்னும் சில சொற்களே தொலைவிலுள்ள ஒரு வீட்டாருக்கு அன்றிரவு உறக்கத்தைத் தரும்.