கூடித் திருத்தும் கணக்கு

திருப்பூரில் ஒரு பனியன் ஆர்டர் ஒரே இடத்தில் முடிவதில்லை. நிட்டிங், சாயம், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங் என்று கை மாறிக்கொண்டே போகும். ஏழெட்டுப் பேர் ஒரே கணக்கைப் பார்த்துத் திருத்த வேண்டிய வேலை இது.

செல்போனில் பொதுவாக வைத்திருக்கும் கணக்கில் “கோவை நூல் 40 கிலோ” என்று இருக்கிறது. அலுவலகத்தில் ஒருவர் அந்த வரியின் முன்னால் “இன்று” என்று சேர்க்கிறார். அதே நொடியில் குடோனில் ஒருவர் 40-ஐ 45 ஆக்குகிறார். இடைவெளியையும் சேர்த்து எண்ணினால் அந்தப் பூஜ்யம் நம் கண்ணுக்கு எட்டாவது. கணினிக்கோ பன்னிரண்டாவது. யூனிகோடில் ‘கோ’ என்பது ‘க’ ஒன்று, துணைக்குறி ஒன்று என இரண்டு. ‘பன்னிரண்டாம் இடத்தில் 5 போடு’ என்ற கட்டளை, “இன்று” சேர்ந்த வரிக்கு அப்படியே வந்தால் ‘நூல்’ என்பதில் உள்ள ‘ந’ அழிந்துபோகும். எடை 40 ஆகவே நிற்கும். முன்னால் ஆறு இடம் கூடிவிட்டதால், பன்னிரண்டைப் பதினெட்டாக்கிய பிறகே மென்பொருள் திருத்த வேண்டும். அமெரிக்காவில் கணினி ஆய்வாளர்கள் எல்லிஸும் கிப்ஸும் 1989-ல் சொன்ன வழி இதுதான். கூகுள் டாக்ஸ் இந்த வழியில்தான் வளர்ந்தது.

இதைவிடக் கடினமான சிக்கல் மனிதர்களிடம் இருக்கிறது. குழுவுக்கான மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன என்று ஜொனாதன் க்ரூடின் 1988-ல் ஆராய்ந்து எழுதினார். பதிவு செய்யும் உழைப்பு ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு என்றால் அந்தக் கருவியை யாரும் தொடமாட்டார்கள் என்பது அவர் கண்ட முக்கியக் காரணம். தையல் லைன் சூப்பர்வைசரை நினைத்துப் பாருங்கள். மணிக்கு எத்தனை பீஸ் என்று ஏற்கெனவே நோட்டில் எழுதுகிறார். அதையே செல்போனிலும் ஏற்றச் சொன்னால் முதலாளிக்கு வசதி. அவருக்கு இரட்டை வேலை. அதே பதிவு சனிக்கிழமை பீஸ் ரேட் கூலிக் கணக்கைப் போட்டுக் கொடுத்தால், சொல்லாமலே ஏற்றுவார்.

குழுவாக எழுதும் கருவிகள் நம் ஊருக்குப் புதிதல்ல. சரவணகுமார் 2011-ல் தொடங்கிய கோவை.கோ நிறுவனத்தின் டாக்குமென்ட்360, குழுக்கள் சேர்ந்து ஆவணம் எழுதுவதற்கான மென்பொருள்தான். அந்தத் திறமை பக்கத்து ஊர்த் தையல் லைனுக்கும் வந்து சேர வேண்டும். கோவை மென்பொருள் இளைஞர்களே, திருப்பூருக்கு ஒன்றரை மணி நேரம் போதும். கருவியை வடிவமைக்கும் முன் ஒரு ஷிப்ட் முழுக்க அந்த சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று பாருங்கள்.