மசக்கை: இயல்பும் எல்லையும்

நுழையும்முன்
கருவுற்ற பெண்ணின் குமட்டலை ‘மசக்கைதானே’ என்று கூறிக் கடந்துவிடுவது நம் வழக்கம். பெரும்பாலும் அது சரியே. ஆயினும், சில வேளைகளில் அச்சொல்லே உயிருக்கு ஊறு விளைவிப்பதாகிவிடுகிறது. இயல்பான மசக்கை எது, உடனடி மருத்துவம் வேண்டும் நிலை எது என்பதை அறிவோம்.

வயாவும் மசக்கையும்
கருவுற்ற மகளிரின் வேட்கையைப் பழந்தமிழர் ‘வயா’ என்றனர். வேட்கையின் பெருக்கமே வயா எனத் தொல்காப்பிய உரியியல் பொருள் கூறுகிறது. சூலுற்ற மகளிர் பசும்புளியை விரும்புவதைக் குறுந்தொகையும், மண்ணை விரும்பி உண்பதைப் புறநானூறும் காட்டுகின்றன. இன்று மசக்கை என்னும் சொல் வேட்கையோடு குமட்டலையும் வாந்தியையும் சேர்த்தே குறிக்கிறது.

இயல்பான மசக்கை
கருவுற்றோருள் பத்துக்கு ஏழெட்டுப் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ உண்டாகும். ஏறத்தாழ 6ஆவது வாரத்தில் தொடங்கி, 9ஆவது வாரத்தையொட்டி மிகுந்து, பெரும்பாலோர்க்கு 20ஆவது வாரத்திற்குள் அடங்கிவிடும். சிறிது சிறிதாகப் பலமுறை உண்பதும், ஒவ்வாத மணத்தைத் தவிர்ப்பதும், நீர் பருகிக்கொண்டே இருப்பதும் இதற்குப் போதுமானவை.

இதன் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. ‘எல்லாம் மனம்தான்’ என்று பெண்களையே குறைகூறியோரும் உண்டு. 2023ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு இதற்கு விடை தந்தது. கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் ஜிடிஎஃப்15 என்னும் இயக்குநீர் தாயின் மூளையைத் தூண்டிக் குமட்டலை உண்டாக்குகிறது. கருவுறும் முன்னர் இந்நீர் உடலில் குறைவாக இருந்தோரே மிகுதியாகத் துன்புறுகின்றனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர்களோடு இலங்கை ஆய்வாளர்களும் இம்முயற்சியில் பங்கேற்றனர்.

எல்லை கடக்கும்போது
நூற்றுக்கு ஓரிருவருக்கு வாந்தி கட்டுக்கடங்காமல் போகிறது. உடல் எடையில் 5 விழுக்காட்டிற்கு மேல் குறைதல், ஒரு நாள் முழுவதும் நீரும் வயிற்றில் தங்காமை, சிறுநீர் அடர்நிறமாதல் அல்லது எட்டு மணிநேரமாகக் கழியாமை, எழுந்தால் தலைசுற்றல் ஆகியன இதன் அறிகுறிகள். 50 கிலோ எடையுள்ள பெண் இரண்டரைக் கிலோ இழந்தாலே எச்சரிக்கை வேண்டும். பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு சீர்கெடும். தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து குறைந்தால் மூளை பாதிக்கப்படும். தயமின் தராமல் குளுக்கோசை மட்டும் ஏற்றுவது தீங்கு விளைவிக்கலாம். எனவே, மருத்துவமனைச் சிகிச்சையே பாதுகாப்பானது.

கந்தக மண்ணில்
சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பெண்கள் பெருமளவில் பட்டாசுத் தொழிலில் ஈடுபட்டுள்ளனர். வெடிக்கலவையை இங்கு ‘மருந்து’ என்பர். மசக்கையுற்றவளுக்கு அதன் நெடியே குமட்டலைத் தூண்டலாம். கோடை வெயிலில் வியர்வையும் வாந்தியும் சேர்ந்தால் உடலின் நீர் விரைந்து வற்றும். செய்த எண்ணிக்கைக்குக் கூலி என்பதால், உடல் நலிவை மறைத்து வேலைக்குச் செல்லும் நிலையும் உண்டு. கருவுற்றதால் வரும் நோய்க்கு ஒரு மாதம் வரை ஊதியத்துடன் விடுப்பு என்று, தகுதியுடைய பெண் தொழிலாளர்க்கு 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் வகுத்தது. இவ்வுரிமையை அறிந்திருப்பதும் மருத்துவ அறிவைப் போன்றே இன்றியமையாதது.

தெரிந்து தெளிவோம்
1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, பின்னர்ப் பல நாடுகளில் மசக்கைக்கும் தரப்பட்டது. பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாடு முதலிய ஊனங்களோடு பிறந்தனர். 1961இல் ஜெர்மனியில் அம்மருந்து திரும்பப் பெறப்பட்டது. கருவுற்றோர் மருத்துவரைக் கேளாமல் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி உண்ணலாகாது என்பதற்கு இதுவே சான்று. குமட்டலைத் தணிக்கும் பாதுகாப்பான மருந்துகள் இன்று உள்ளன. அவற்றை மருத்துவரே தருதல் வேண்டும்.

நம் கடமை
கிராம சுகாதாரச் செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம், சிவகாசி அரசு மருத்துவமனை, 2022இல் தொடங்கப்பெற்ற விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி ஆகியன நமக்கு அண்மையில் உள்ளன. அவசரத்திற்கு 108 உண்டு. வீட்டில் அக்காவோ அண்ணியோ சோர்ந்து படுத்திருந்தால், ‘மசக்கைதானே’ என்று கூறும் முன் ஒன்று கேளுங்கள்: ‘இன்று குடித்த தண்ணீராவது வயிற்றில் தங்கியதா?’ இல்லை என்பது விடையானால், மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டிய நேரம் அதுவே.